சிகரெட் விளம்பரம் புதியவர்களைப் புகைக்க வைத்ததா, பிராண்டை மட்டும் மாற்றியதா?

தேடல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொதுச் சுகாதார வரலாற்றைப் படித்துவரும் எனக்கு ஓர் ஐயம். புகையிலையால் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் 10 லட்சத்துக்கும் அதிகமானவர்கள், தாங்கள் புகைக்காமல் அடுத்தவர் விட்ட புகையைச் சுவாசித்தவர்கள். நுரையீரல் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆகியவற்றுக்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இன்று எவரும் வாதாடுவதில்லை, நானும் வாதாடவில்லை.

என் ஐயம் விளம்பரத்தின் பங்கைப் பற்றியது. ஏற்கெனவே புகைப்பவர்களைப் போட்டி நிறுவனத்திடமிருந்து தம் பக்கம் இழுக்கவே விளம்பரம் செய்வதாகவும், புகைக்காத எவரையும் அது புகைக்கத் தூண்டுவதில்லை என்றும் சிகரெட் நிறுவனங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கின்றன. சோப்பு விளம்பரத்தைப் பார்த்து யாரும் குளிக்கத் தொடங்குவதில்லை என்பது போன்ற வாதம் இது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இதற்கு மறுப்பாக உணர்ச்சிவசப்பட்ட பேச்சுகளை நிறையப் படித்துவிட்டேன். சான்றுகள் என்ன என்பதை அறிய விரும்புகிறேன். இன்னொன்றும் புரியவில்லை. சிகரெட்டின் தீங்கு 1950இலேயே ஆய்விதழ்களில் வெளிவந்துவிட்டது என்றால், அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் மக்கள் இவ்வளவு பெரிய அளவில் புகைத்துக்கொண்டே இருந்தது எப்படி?

---

பழஞ்சுவடி எழுதியது:

தேடல் அவர்களுக்கு, உங்கள் முதல் கேள்விக்கு விடை காண, விளம்பரம் வருவதற்கு முன்பு சிகரெட் எந்த நிலையில் இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். புகையிலை பழையது, சிகரெட் ஒரு பெருவணிகப் பொருளாக ஆனது புதியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவில் புகையிலையை மென்றார்கள், சுருட்டாகப் பிடித்தார்கள், குழாயில் அடைத்துப் புகைத்தார்கள். கையால் சுற்றப்பட்ட சிகரெட் ஒரு சிறுபான்மைப் பழக்கமாகவே இருந்தது. தேர்ந்த தொழிலாளி நிமிடத்துக்கு நான்கு சுற்றுவதே பெரிது.

ஜேம்ஸ் போன்சாக் என்ற இளைஞர் 1881இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,20,000 சிகரெட்டுகளைச் சுற்றித் தள்ளியது. ஜேம்ஸ் டியூக் என்ற வணிகர் அதை வாங்கி ஓடவிட்டதும், வாங்க ஆளில்லாத அளவுக்குச் சரக்கு குவிந்தது. சந்தை இருந்து உற்பத்தி பெருகவில்லை. உற்பத்தி பெருகிய பிறகு அதற்கேற்ற சந்தையை உண்டாக்க வேண்டியிருந்தது. பாக்கெட்டுக்குள் நடிகையர், விளையாட்டு வீரர்கள் ஆகியோரின் படச்சீட்டுகளை வைத்தது முதல் சுவரொட்டிகள் வரை, அந்தக் காலத்தில் எவரும் செய்திராத அளவுக்கு டியூக் விளம்பரத்தில் பணத்தைக் கொட்டியதற்குக் காரணம் இதுதான். முதல் உலகப் போரில் படைவீரர்களுக்கு வழங்கப்பட்ட சிகரெட்டுகள் எஞ்சிய வேலையைச் செய்தன. 1900இல் அமெரிக்காவில் வயதுவந்த ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 54 சிகரெட் என்றிருந்த நுகர்வு, 1963இல் 4,300ஐத் தாண்டியது. சோப்பு விளம்பரத்தோடு ஒப்பிடும் வாதம் இங்கேயே தடுமாறுகிறது. குளிக்கும் பழக்கத்தை எந்த நிறுவனமும் தொடங்கிவைக்கவில்லை.

பெண்களின் கதை இன்னும் தெளிவானது. 1920களில் பொது இடத்தில் பெண் புகைப்பது மேற்குலகிலும் இழிவாகவே கருதப்பட்டது. லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டை விற்ற அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம், உடல் இளைக்க விரும்பும் பெண்களைக் குறிவைத்து, இனிப்புக்குப் பதிலாக ஒரு லக்கியை எடுங்கள் என்று விளம்பரம் செய்தது. 1929இல் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர ஆலோசகர், நியூயார்க் நகர ஈஸ்டர் ஊர்வலத்தில் சில இளம்பெண்களைச் சிகரெட் பற்றவைத்து நடக்க ஏற்பாடு செய்து, அவற்றை 'விடுதலைச் சுடர்கள்' என்று பத்திரிகைகளில் வரச்செய்தார். அந்த ஒரு நாள் ஊர்வலமே பெண்களைப் புகைக்க வைத்தது என்று சிலர் எழுதுவது மிகை என்பது என் கருத்து. மாற்றம் முன்பே தொடங்கியிருந்தது. ஆனால் விளம்பரம் என்று தெரியாதபடி, ஓர் உரிமைப் போராட்டத்தின் செய்தியாகவே அது மக்களை அடைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த உத்தி இன்றுவரை கைவிடப்படவில்லை.

உங்கள் கேள்விக்கு நேரடியான சான்று 1960களின் பிற்பகுதியில் கிடைக்கிறது. பெண்களுக்கென்றே தனிச் சிகரெட் பிராண்டுகள் அப்போது அறிமுகமாயின. 1968இல் வந்த வர்ஜீனியா ஸ்லிம்ஸ் அவற்றில் புகழ்பெற்றது. அமெரிக்காவில் யார் எந்த வயதில் புகைக்கத் தொடங்கினார்கள் என்பதைப் பின்னோக்கிக் கணக்கிட்டு 1994இல் வெளியான ஓர் ஆய்வு, 18 வயதுக்குட்பட்ட சிறுமிகள் புகைக்கத் தொடங்கும் விகிதம் 1967 வாக்கில் திடீரென்று ஏறியதைக் காட்டியது. அதே காலத்தில் சிறுவர்களிடம் அப்படியோர் ஏற்றம் இல்லை. பிராண்டு மாற்றுவது மட்டுமே நோக்கம் என்றால், எந்தப் பிராண்டையும் அதுவரை தொடாத சிறுமிகளின் வளைகோடு ஏன் உயர வேண்டும்? 1987இல் அமெரிக்கப் பெண்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் மார்பகப் புற்றுநோய் மரணங்களை முந்தின.

நிறுவனங்களின் உள்ளறிக்கைகளும் வழக்குகளின் வழியே பின்னர் வெளிவந்தன. இளம் வயதினரே இழந்த வாடிக்கையாளர்களுக்கு ஈடு செய்யும் ஒரே ஊற்று என்று ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் 1984ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. கணக்கு எளியது. புகைப்பவர்களில் ஒரு பகுதியினர் விட்டுவிடுகிறார்கள், இன்னொரு பகுதியினர் இறந்துபோகிறார்கள். அந்த இடங்களை நிரப்பாத நிறுவனம் மூடப்பட வேண்டியதுதான். அமெரிக்காவில் நாள்தோறும் புகைக்கும் பெரியவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் முதல் சிகரெட்டை 18 வயதுக்குள் தொட்டவர்கள் என்பதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். அதே நிறுவனம் 1988 முதல் பயன்படுத்திய ஜோ கேமல் என்ற கேலிச்சித்திர ஒட்டகத்தை, ஆறு வயதுக் குழந்தைகள் ஏறக்குறைய மிக்கி மவுஸ் அளவுக்கே அடையாளம் கண்டுகொண்டதாக 1991இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 1997இல்தான் அந்த ஒட்டகம் ஓய்வு பெற்றது.

---

நுண்ணோக்கி எழுதியது:

பழஞ்சுவடி அவர்கள் முதல் கேள்விக்கு விரிவாக எழுதிவிட்டதால், நான் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன். என்னைக் கேட்டால், சிகரெட் விளம்பரம் பொதுச் சுகாதாரத்துக்குச் செய்த மிகப் பெரிய கேடு மக்களைத் தொடங்க வைத்ததைவிட, உண்மை வெளிவந்த பிறகும் அவர்களை விடாமல் வைத்திருந்ததில்தான் உள்ளது.

நுரையீரல் புற்றுநோய் எவ்வளவு அரியதாக இருந்தது என்பதை இன்று கற்பனை செய்வதே கடினம். 1912இல் அதைப் பற்றி ஒரு நூல் எழுதிய ஐசக் ஆட்லர் என்ற மருத்துவர், இவ்வளவு அரிய நோய்க்கு ஒரு நூல் தேவையா என்று முன்னுரையிலேயே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. சிகரெட் பரவியதற்கும் இந்நோய் பரவியதற்கும் இடையே இருபது முப்பது ஆண்டு இடைவெளி உண்டு. பதினெட்டு வயதில் தொடங்கியவர் ஐம்பதைத் தாண்டித்தான் நோயாளியாகிறார். காரணமும் விளைவும் இவ்வளவு விலகி நின்றதால் மக்கள் கண்ணுக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. அதனால்தான் 1940களின் இறுதியில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் ஆய்வைத் தொடங்கியபோது, சாலைத் தார், வாகனப் புகை போன்றவற்றின் மீதும் சந்தேகம் இருந்தது. தரவுகள் சிகரெட்டையே சுட்டியதும் டால் தாமே புகைப்பதை நிறுத்திவிட்டார்.

1950இல் இவர்களுடைய ஆய்வும், அமெரிக்காவில் எர்னஸ்ட் விண்டர், எவார்ட்ஸ் கிரஹாம் ஆகியோரின் ஆய்வும் வெளிவந்தன. கிரஹாம் உலகப் புகழ்பெற்ற நுரையீரல் அறுவை மருத்துவர், நெடுங்காலம் புகைத்தவர், 1957இல் நுரையீரல் புற்றுநோயாலேயே இறந்தார். டாலும் ஹில்லும் அதோடு நிற்காமல், 1951இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் எல்லோருக்கும் வினாத்தாள் அனுப்பி, பதில் தந்த ஏறத்தாழ 40,000 பேரின் புகைப்பழக்கத்தையும் மரணங்களையும் பதிவு செய்யத் தொடங்கினார்கள். மருத்துவர்களைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நுட்பம் உண்டு. அவர்களுடைய மரணக் காரணம் கவனமாகப் பதிவாகும். ஆய்வு முடிவைப் புறந்தள்ளுவதும் அவர்களுக்கு எளிதாக இராது.

இதே காலத்தில் விளம்பரங்கள் என்ன செய்துகொண்டிருந்தன? மற்ற எந்தச் சிகரெட்டையும்விடக் கேமலையே அதிக மருத்துவர்கள் புகைக்கிறார்கள் என்ற விளம்பரம் 1946 முதல் சில ஆண்டுகள் அமெரிக்க இதழ்களில் வந்துகொண்டிருந்தது. வெள்ளை அங்கி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கையில் சிகரெட். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ்களே 1953 வரை சிகரெட் விளம்பரத்தை ஏற்றுக்கொண்டிருந்தன என்றால் பொதுமக்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஆய்வுகள் செய்தித்தாள்களில் பேசப்படத் தொடங்கியதும், சிகரெட் நிறுவனங்களின் தலைவர்கள் 1953 டிசம்பரில் நியூயார்க்கில் கூடினார்கள். 1954 ஜனவரி 4 அன்று 400க்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் முழுப்பக்க அறிக்கை ஒன்று வெளியானது. மக்களின் உடல்நலமே எங்களுக்கு எல்லாவற்றையும்விட முதன்மையானது, எங்கள் பொருள் தீங்கானது அல்ல என்று நம்புகிறோம், எனினும் ஆய்வுக்குப் பணம் தருகிறோம் என்பது அதன் சாரம். நான் படித்த சிகரெட் விளம்பரங்களில் மிகத் திறமையானது இதுதான் என்பேன். அதில் எந்தப் பிராண்டின் பெயரும் இல்லை, அழகியும் இல்லை, குதிரைவீரனும் இல்லை. மறுக்க வேண்டியதில்லை, 'இன்னும் முடிவாகவில்லை' என்ற எண்ணத்தை நிலைநிறுத்தினாலே போதும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். 'ஐயமே நம் சரக்கு' என்று பிரௌன் அண்டு வில்லியம்சன் நிறுவனத்தின் 1969ஆம் ஆண்டு உள்குறிப்பு எழுதிவைத்தது. அமெரிக்கத் தலைமை மருத்துவர் லூதர் டெர்ரியின் அறிக்கை 1964 ஜனவரியில் தீங்கை உறுதிப்படுத்திய பிறகும் இந்த ஐயம் கால் நூற்றாண்டுக்கு மேல் விற்பனையாயிற்று. 1994இல் ஏழு நிறுவனங்களின் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, புகையிலையில் உள்ள நிகோடின் என்ற பொருள் அடிமைப்படுத்துவது என்று தாங்கள் நம்பவில்லை என்றார்கள்.

அச்சமுற்றவர்களுக்கு விட்டுவிடுவதற்கு மாற்றாக ஒரு வழியையும் விளம்பரமே காட்டியது: ஃபில்டர் சிகரெட். கென்ட் என்ற பிராண்டு நலம்தரும் ஃபில்டர் என்று பெருமையடித்த மைக்ரோனைட், 1952 முதல் 1956 வரை புற்றுநோய் உண்டாக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளைக் கொண்டிருந்தது. பிறகு 'லைட்', 'மைல்டு' வந்தன. ஃபில்டரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இட்டிருந்ததால், சோதனை இயந்திரம் உறிஞ்சும்போது வெளிக்காற்று கலந்து, புகையில் உள்ள தார் என்ற பிசுபிசுப்பான நச்சுக் கலவையின் அளவு குறைவாகப் பதிவானது. மனிதர் உறிஞ்சும்போதோ விரலும் உதடும் அந்தத் துளைகளை மூடின. நிகோடின் போதாத உடல் இன்னும் ஆழமாக, இன்னும் அடிக்கடி இழுக்க வைத்தது. நோய் குறையவில்லை. விட்டிருக்கக்கூடிய கோடிக்கணக்கானவர்கள், பாதுகாப்பான வகைக்கு மாறிவிட்டோம் என்ற நிம்மதியோடு தொடர்ந்தார்கள். நிறுவனங்கள் இவ்விஷயத்தில் மக்களைத் தெரிந்தே ஏமாற்றின என்று 2006இல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பளித்தார்.

---

மறுபக்கம் எழுதியது:

இருவரின் பதிவுகளையும் மதிக்கிறேன். ஆயினும் விளம்பரத்துக்கு அளவுக்கு மீறிய சக்தியை நீங்கள் அளித்துவிடுகிறீர்களோ என்று தோன்றுகிறது. சோவியத் ஒன்றியத்தில் வணிக விளம்பரம் என்பதே இல்லை எனலாம்; அங்கே ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோர் புகைத்தார்கள். சீனாவில் அரசின் ஏகபோகமே சிகரெட் விற்கிறது. அங்கும் ஆண்களிடம் பழக்கம் மிக அதிகம். நிகோடின் நுரையீரலிலிருந்து சில நொடிகளில் மூளையை எட்டும் பொருள். மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் இருந்தால் விளம்பரமின்றியே பரவும். விலையை 10 விழுக்காடு உயர்த்தினால் நுகர்வு பணக்கார நாடுகளில் ஏறத்தாழ 4 விழுக்காடும் ஏனைய நாடுகளில் 5 விழுக்காடும் குறைகிறது என்று பொருளியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வரிதான் உண்மையான ஆயுதம் என்பதும், விளம்பரத் தடை அரசியல்வாதிகளுக்குச் செலவில்லாத ஒரு நற்பெயர் என்பதும் என் எண்ணம். அமெரிக்கா 1971இல் தொலைக்காட்சி விளம்பரத்தைத் தடைசெய்த பிறகு விற்பனை சரிந்துவிடவில்லையே?

---

பழஞ்சுவடி எழுதியது:

மறுபக்கம் அவர்களின் சோவியத் எடுத்துக்காட்டு சரியானது. நாங்கள் அதைத் தொட்டிருக்க வேண்டும். ஆனால் அதன் அடுத்த பகுதியையும் சொல்லியாக வேண்டும். அங்கே ஆண்கள் மிகுதியாகப் புகைத்தார்கள், பெண்கள் மிகக் குறைவாகவே புகைத்தார்கள். 1991க்குப் பிறகு பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் பிராண்டுகளோடும் விளம்பரங்களோடும் நுழைந்தன. 1992இல் 7 விழுக்காட்டளவில் இருந்த ரஷ்யப் பெண்களின் புகைப்பழக்கம் 2003க்குள் இரு மடங்காகி 15 விழுக்காட்டளவுக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே நிரம்பியிருந்த ஆண்கள் சந்தையில் ஏற்றம் சிறிதே. அதாவது விளம்பரம் இல்லாமலும் பழக்கம் பரவும். ஆனால் வழக்கம் தடுத்து வைத்திருந்த வாசலைத் திறக்க விளம்பரம் தேவைப்பட்டது. சந்தை திறந்ததும் வருமான மாற்றமும் சமூக மாற்றமும் சேர்ந்தே நடந்தன என்று நீங்கள் சொன்னால் அதையும் ஏற்கிறேன். விளம்பரத்துக்கு அதில் இத்தனை விழுக்காடு பங்கு என்று யாராலும் பிரித்துத் தர முடியாது.

1971ஐப் பற்றி: அந்தத் தடைக்கு முன்பே ஒன்று நடந்திருந்தது. சிகரெட் விளம்பரம் ஒளிபரப்பும் நிலையங்கள் எதிர்க்கருத்துக்கும் இலவச நேரம் தர வேண்டும் என்று ஜான் பான்சாஃப் என்ற இளம் வழக்கறிஞரின் மனுவை ஏற்று ஒளிபரப்பு ஆணையம் 1967இல் ஆணையிட்டது. சிகரெட் எதிர்ப்பு விளம்பரங்கள் வீடுகளுக்குள் வந்தன. நுகர்வு தொடர்ந்து இறங்கியது. 1971 ஜனவரியில் சிகரெட் விளம்பரங்கள் நின்றபோது இலவச எதிர்விளம்பரங்களுக்கான அடிப்படையும் சேர்ந்தே போய்விட்டது. தொலைக்காட்சியில் மிச்சமான பணம் இதழ்களுக்கும் சாலையோரப் பலகைகளுக்கும் விளையாட்டுக்கும் போனது. அதே ஆண்டில் வின்ஸ்டன் சிகரெட்டின் பெயரில் கார் பந்தயமும் வர்ஜீனியா ஸ்லிம்ஸ் பெயரில் பெண்கள் டென்னிஸ் தொடரும் ஓடத் தொடங்கி, தடைசெய்யப்பட்ட திரையிலேயே அந்தப் பெயர்கள் மணிக்கணக்கில் தெரிந்தன. எனவே அதை விளம்பரத் தடை தோற்ற கதையாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அரைத் தடை தோற்ற கதை அது.

2000இல் சாஃபர், சலூப்கா என்ற இரு பொருளியலாளர்கள் 22 வளர்ந்த நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து இதையே கண்டார்கள். ஓரிரு ஊடகங்களில் மட்டும் தடைசெய்தால் பயன் மிகச் சிறிது அல்லது இல்லை. எல்லா வழிகளையும் அடைத்தால் நுகர்வு ஏறத்தாழ 6 விழுக்காடு குறையக்கூடும். 2005இல் நடைமுறைக்கு வந்த, உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, விளம்பரம், விற்பனை ஊக்குவிப்பு, நிதியாதரவு மூன்றையும் முழுமையாகத் தடைசெய்யச் சொல்வது இதனால்தான். வரி வலிமையானது என்பதில் எனக்கு உங்களோடு கருத்து வேறுபாடே இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் எதற்கு என்பதே என் கேள்வி.

---

தேடல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. முழுத் தடை உள்ள நாடுகளில் சிகரெட் நிறுவனங்களுக்கு இன்று மிச்சமிருக்கும் வழி எது? அங்கும் இளைஞர்கள் தொடங்கிக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

---

நுண்ணோக்கி எழுதியது:

முதலாவது, பாக்கெட்டே ஒரு விளம்பரப் பலகை. 2012 டிசம்பரில் ஆஸ்திரேலியா எல்லாப் பிராண்டுகளுக்கும் ஒரே மங்கிய பழுப்பு நிறத்தையும் ஒரே எழுத்துருவையும் கட்டாயமாக்கியபோது, நிறுவனங்கள் அந்நாட்டு உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றன. உலக வர்த்தக அமைப்பில் வேறு சில நாடுகள் தொடுத்த வழக்கும் எடுபடவில்லை. பாக்கெட்டில் பெரிய எச்சரிக்கைப் படம் போட்டதற்காக உருகுவே மீது 2010இல் தொடுத்த வழக்கில் பிலிப் மோரிஸ் 2016இல் தோற்றது. அட்டையின் நிறம் யாரையும் ஈர்ப்பதில்லை என்றால் இத்தனை ஆண்டுகள் வழக்காட வேண்டிய தேவை என்ன?

இரண்டாவது, திரைப்படம். திரையில் புகைக்கும் காட்சிகள் இளையோரைப் புகைக்கத் தூண்டுகின்றன என்று அமெரிக்கத் தலைமை மருத்துவர் 2012இல் முடிவு செய்தார். யாரும் பணம் கொடுக்காவிட்டாலும் அந்தக் காட்சி விளம்பரத்தின் வேலையைச் செய்துவிடுகிறது. மூன்றாவது, சமூக ஊடகமும் மின்சிகரெட்டும். 2015இல் வந்த ஜூல் என்ற மின்சிகரெட், இளமையும் நிறமும் நிறைந்த படங்களோடு இணையத்தில் பரவியது. 2019இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் மின்சிகரெட் பயன்படுத்தினார்கள். மின்சிகரெட்டின் தீங்கு சிகரெட்டின் அளவினதா என்பது வேறு விவாதம். நிகோடினுக்கு ஒரு புதிய தலைமுறையைச் சேர்த்துவிட்டது என்பதில் விவாதமில்லை.

டாலின் மருத்துவர்கள் ஆய்வு 50 ஆண்டுகள் நடந்து 2004இல் முழுமையாக வெளிவந்தது என்பதை முன்பு சொல்ல விட்டுப்போயிற்று. வாழ்நாள் முழுதும் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகளை இழந்தார்கள். 60 வயதில் விட்டவர்கள் அதில் ஏறத்தாழ 3 ஆண்டுகளையும், 50இல் விட்டவர்கள் 6 ஆண்டுகளையும், 40இல் விட்டவர்கள் 9 ஆண்டுகளையும் மீட்டார்கள். 30இல் விட்டவர்கள் ஏறக்குறைய முழுவதையும். 1954இல் அந்த முழுப்பக்க அறிக்கையைப் படித்து, முடிவு தெரியட்டும் என்று காத்திருந்த நாற்பது வயதுக்காரரின் இழப்பை இந்த எண்களைக் கொண்டு நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.